பெருங்களத்தூரில் பிறந்த ரோவர்

"சென்னையில சொகுசு கார் எங்கே செய்யறாங்க?"ன்னு நம்ம பொட்டி தட்டுற மக்கள்ட்ட கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் டக்குனு "மகிந்திரா சிட்டி, பி.எம்.டபிள்யூ"ன்னு சொல்லுவாங்க. சரியான பதில்தான். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி இருக்கிற அந்த ஆலை 2007 மார்ச்ல திறந்தது.

ஆனா அதுக்கு 22 வருஷம் முன்னாடியே, இதே ஜி.எஸ்.டி. ரோட்ல, தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவுல ஒரு சொகுசு கார் செஞ்சாங்க. அதுவும் லேசுப்பட்ட கார் இல்லை. 1977ல ஐரோப்பாவின் 'வருடத்தின் சிறந்த கார்' விருது வாங்கின ரோவரோட உடம்பு அதுக்கு. பேரு ஸ்டாண்டர்ட் 2000. இன்னிக்கு பெருங்களத்தூர்ல ஸ்ரீராம் கேட்வேன்னு கண்ணாடிக் கட்டடமா நிக்குதே, அந்த இடம்தான் அந்தத் தொழிற்சாலை. நம்மாளுங்க ஆணி புடுங்கற அதே மண்ணுல ஒரு காலத்துல நிஜமாவே ஆணி, நட்டு, போல்ட்டு எல்லாம் முடுக்கியிருக்காங்க :-)

இந்தக் கதையைக் கொஞ்சம் தோண்டினேன். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

பேருலயே ஒரு வம்பு

ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இங்கிலாந்துல கவன்ட்ரி நகரத்துல 1903ல ஆரம்பிச்சது. ஆரம்பிச்சவர் ரெஜினால்ட் மாட்ஸ்லே. அந்தக் காலத்துல 'ஸ்டாண்டர்ட்'னா தரமானதுன்னு பெருமையான அர்த்தம். போகப் போக அந்த வார்த்தை தேய்ஞ்சு போச்சு. 'டீலக்ஸ்'னா உசத்தி, 'ஸ்டாண்டர்ட்'னா சாதான்னு ஆயிடுச்சு. நம்ம ஓட்டல் ரூம் விலைப்பட்டியல்ல பாக்கறோமே, அதே கதை. இதுவும் ஒரு காரணமா, இங்கிலாந்துல 1963ல அந்தப் பேரையே கைவிட்டுட்டாங்க. அதுக்குள்ள கம்பெனி லேலண்ட் கைக்குப் போயிருந்தது.

வேடிக்கை என்னன்னா, பொறந்த ஊர்ல செத்துப்போன அந்தப் பேரு நம்ம வண்டலூர்ப் பக்கம் இன்னும் கால் நூற்றாண்டு உசுரோட இருந்தது. அதுலயும் கடைசியா வந்தது சொகுசு கார். சாதா இட்லிங்கற போர்டு மாட்டி முந்திரி அல்வா வித்த மாதிரி.

ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948ல உருவானது. ஸ்டாண்டர்ட் கார்களை மெட்ராஸ்ல வித்துக்கிட்டிருந்த யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) ஒரு பக்கம், கவன்ட்ரிக்காரங்க இன்னொரு பக்கம், ரெண்டு பேரும் கூட்டு. அதே 1948லதான் எண்ணூர் பக்கம் அசோக் மோட்டார்ஸும் ஆரம்பிக்குது. அதுதான் பின்னாடி அசோக் லேலண்ட் ஆச்சு. ஆக நம்ம ஊரை 'இந்தியாவின் டெட்ராய்ட்'னு சொல்ற பெருமைக்கு ஹூண்டாய், ஃபோர்டு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, வடக்கே எண்ணூர்லயும் தெற்கே வண்டலூர்லயும் அஸ்திவாரம் போட்டாச்சு.

1950கள்ல அரசாங்கம் ஒரு முடிவு எடுத்தது. சும்மா வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டாந்து கோத்து விக்கறவங்க வேண்டாம், இங்கேயே படிப்படியா செய்யறவங்கதான் வேணும்னாங்க. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு எல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு கிளம்பினது அப்பதான். அப்புறம் ரொம்ப காலத்துக்கு இந்தியாவுல கார்னா மூணே மூணு வீடு: கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாய்ல ஃபியட், மெட்ராஸ்ல ஸ்டாண்டர்ட்.

ஹெரால்டு வச்சிருந்த பெரியப்பா

முதல்ல வந்தது வான்கார்டு. அப்புறம் ஸ்டாண்டர்ட் 8, 10, பென்னன்ட். 1961ல ஹெரால்டு. இங்கிலாந்துல ட்ரயம்ப் ஹெரால்டுன்னு ஓடின அதே வண்டி, இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. வடிவமைச்சவர் மிக்கெலோட்டின்னு ஒரு இத்தாலிக்காரர்.

எங்க பெரியப்பா குரோம்பேட்டையில இருந்தப்ப செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஹெரால்டு வச்சிருந்தார். இன்னிக்கும் அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார். அவருக்கு ரெண்டு விஷயம் ரொம்ப இஷ்டம். ஒண்ணு, பானெட். மத்த கார்ல மூடி மட்டும்தான் தொறக்கும். ஹெரால்டுல மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மொத்த முகமும் முன்பக்கமா கவிழும். மெக்கானிக் முன் டயர் மேலயே உக்காந்துக்கிட்டு டீ குடிச்சபடி வேலை பார்ப்பாராம். இன்னொண்ணு, திரும்பற வளைவு. 25 அடி அகலம் இருந்தா ஒரே வீச்சுல வண்டி திரும்பிடும். "ராதா நகர் சந்துல ஆட்டோவே ரிவர்ஸ் எடுப்பான், நான் எடுக்க மாட்டேன்"ங்கறது பெரியப்பா டயலாக்.

அதுல ஒரு சிக்கலும் உண்டு, அது உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம். பின்சக்கரங்கள் ரெண்டும் தனித்தனியா ஊஞ்சல் மாதிரி ஆடற அமைப்பு. வளைவுல வேகமாப் போனா உள்பக்கமா மடங்கப் பார்க்கும். 1970களின் தொடக்கத்துல கெஸல்னு அடுத்த வண்டி வந்தப்ப அதைத் தூக்கிட்டு, சாதாரண முழு ஆக்ஸில் போட்டாங்க. நம்ம ஊரு ரோட்டுக்கு நம்ம ஊரு ஆளுங்களே மாத்தின சமாச்சாரம் அது. இதை எதுக்குச் சொல்றேன்னா, பெருங்களத்தூர்ல இருந்தவங்க வெறுமனே பார்சலைப் பிரிச்சு மாட்டினவங்க இல்லை, வடிவமைப்பையே மாத்தற அளவுக்கு விஷயம் தெரிஞ்சவங்க.

1970களின் பின்பாதியில கெஸலும் நின்னு போச்சு. அப்புறம் கார் கிடையாது. ஸ்டாண்டர்ட் 20ன்னு ஒரு வேன் மட்டும் ஓடிக்கிட்டு இருந்தது. இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வருவோம்.

வந்தாரய்யா மைனர்

1985. அண்ணா உயிரியல் பூங்காவை எம்.ஜி.ஆர் வண்டலூர்ல திறந்து வச்ச வருஷம். புலி, சிங்கம் எல்லாம் பார்க் டவுன்லேருந்து இங்கே குடி வந்துச்சு. கூப்பிடு தூரத்துல இன்னொரு புலியும் வந்தது, அதுதான் ஸ்டாண்டர்ட் 2000.

அதோட மூலம் ரோவர் எஸ்.டி.1. டேவிட் பேச் வடிவமைச்சது, 1976ல வெளிவந்தது. ஃபெராரி டேடோனாவைப் பார்த்து ஆசைப்பட்டு வரைஞ்ச மூக்கு. பின்னாடி பெரிய கதவு, அஞ்சு கதவு வண்டி. டாஷ்போர்டுல ஒரு புத்திசாலித்தனம் உண்டு. மீட்டர் எல்லாம் தனிப் பெட்டியா மேலே உக்காந்திருக்கும், அதை இடமும் வைக்கலாம் வலமும் வைக்கலாம். ஸ்டியரிங் தண்டு போக வேண்டிய ஓட்டை, மறுபக்கம் ஏசி காத்து வர்ற ஓட்டையா ஆயிடும். ஒரே அச்சுல ரெண்டு நாட்டுக்கும் வண்டி. நம்ம பாஷையில சொன்னா, சூப்பர் ரீயூஸ்.

அம்பாசடரும் ஃபியட்டும் மட்டுமே பார்த்துப் பழகின ஊர்ல இது வந்து நின்னா எப்படி இருந்திருக்கும்! எங்கப்பா ஒரே ஒரு தடவை ஒரு கல்யாணத்துக்கு அதுல போயிருக்கார். "சோபாவுல உக்காந்துக்கிட்டே ஊர்வலம் போன மாதிரி இருந்துச்சுடா"ன்னு இன்னிக்கும் சொல்லுவார். விலை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அன்னிக்கு மாருதி 800 அதுல நாலுல ஒரு பங்குதான்.

சரி, பானெட்டைத் தொறப்போம்.

இங்கிலாந்துல எஸ்.டி.1க்குப் பேர் வாங்கித் தந்தது 3.5 லிட்டர் வி8 எஞ்சின், 155 குதிரைசக்தி, கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் வேகம். பெருங்களத்தூர் வண்டிக்குள்ள இருந்தது 1991 சிசி, நாலு சிலிண்டர், 83 குதிரைசக்தி. சுமார் 1,300 கிலோ எடையை இழுக்க இது.

அந்த எஞ்சினோட பூர்வீகம் 1947ல அறிவிச்ச வான்கார்டு. அதே குடும்பத்து எஞ்சின்தான் கவன்ட்ரியில செஞ்ச ஃபெர்கூசன் டிராக்டர்லயும் இருந்தது, ட்ரயம்ப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் கார்லயும் இருந்தது. ஏர் உழவும் தெரியும், ரேஸ் ஓடவும் தெரியும். கெட்டி எஞ்சின், குறை சொல்ல முடியாது. ஆனா 38 வருஷத்துப் பழசு. முன்னாடி பளபளன்னு புது ஸ்க்ரீன், பின்னாடி தாத்தா காலத்து கோபால் புரோகிராம். நாம பார்க்காத ப்ராஜக்டா?

ஓட்டினவங்க பேச்சுல திரும்பத் திரும்ப வர்றது ரெண்டு விஷயம். ஒண்ணு, இடமும் சொகுசும் வேற எந்த வண்டியிலயும் வராது. ரெண்டு, பெட்ரோல் குடிச்சே ஆளைக் காலி பண்ணிடும், குடிச்ச அளவுக்கு ஓடவும் ஓடாது. பின்னாடி பல பேர் அந்த எஞ்சினைக் கழட்டிட்டு டீசல் எஞ்சின் மாட்டிக்கிட்டாங்க. உடம்பை விட மனசு வரலை, எஞ்சினோட வாழவும் முடியலை.

கொன்னது யாரு?

1988ல எல்லாம் முடிஞ்சது. மூணு வருஷ ஆயுசு.

எல்லாரும் பழியை அந்த எஞ்சின் மேல போடறாங்க. எனக்கு அது முழுசா ஒப்பலை. ஏன்னா அதே சமயத்துல வந்த மத்தவங்களைப் பாருங்க. கான்டெஸா 1984ல வந்தப்ப, இங்கிலாந்து வாக்ஸ்ஹால் உடம்புக்குள்ள அம்பாசடரோட 1489 சிசி எஞ்சின்தான் இருந்தது. அதே வியாதி! ஆனா சில வருஷத்துல இசுஸு எஞ்சினை மாட்டி, 2002 வரைக்கும் ஓட்டிட்டாங்க. பிரீமியர் 118 என்.இ. ஃபியட் உடம்புல நிஸ்ஸான் எஞ்சினோட வந்துச்சு. ஆக பழைய எஞ்சினோட பொறந்தா செத்தே ஆகணும்னு விதி இல்லை. மாத்திக்க அவகாசமும் காசும் வேணும், அவ்வளவுதான்.

ஸ்டாண்டர்டுக்கு அது ரெண்டும் ஏன் இல்லைங்கறதுதான் கேள்வி. என் பதில், நான் ஞாபகம் வச்சுக்கச் சொன்ன அந்த வெறும் வருஷங்கள். கிட்டத்தட்ட எட்டு வருஷம் காரே செய்யாம இருந்த கம்பெனி, நாட்டுலயே விலை உசந்த காரோட திரும்பி வருது. அம்பாசடர் ஆளுங்களுக்கு கான்டெஸா தடுக்கினாலும் கீழே தாங்கிப் பிடிக்க அம்பாசடர் வியாபாரம் இருந்தது. ஃபியட் ஆளுங்களுக்கு பத்மினி டாக்ஸி இருந்தது. இவங்களுக்குக் கீழே வலையே இல்லை. அந்தரத்துல கம்பி மேல நடக்கற ஆள் ஒரு தடவை தடுக்கினாலே போதும்.

இன்னொரு விஷயம். லைசென்ஸ் ராஜ்யத்துல வாங்கறவனுக்கு வேற வழி இல்லாததால பழைய எஞ்சின் செல்லுபடியாச்சு. 1983 டிசம்பர்ல மாருதி வந்தப்புறம் ஜனங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோல் கிடைச்சது. சின்ன வண்டிதான், ஆனா ஜப்பான் எஞ்சின் ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆகுது. கதவு மூடியிருந்த சந்தைக்காக யோசிச்ச கார், கதவு திறந்தப்புறம் வந்து சேர்ந்தது.

கப்பலேறிய கதவுகள்

கதை இங்கே முடியலை. இனிமேதான் எனக்குப் பிடிச்ச பகுதி.

தொழிற்சாலை பூட்டினப்ப உள்ளே எஸ்.டி.1 பாகங்கள் பிரிக்காம அப்படியே குவிஞ்சு கிடந்தது. 2006ல இடத்தை வித்துக் காலி பண்றப்ப, ரிம்மர் பிரதர்ஸ்னு பழைய இங்கிலீஷ் கார்களுக்கு ஸ்பேர் விக்கிற ஒரு பிரிட்டிஷ் கம்பெனி அந்தப் பாகங்களை வாங்கிக்கிட்டது. அங்கே ரோவர் 1986லயே எஸ்.டி.1ஐ நிறுத்தியாச்சு. அந்த ஊர் மழையிலயும், ரோட்ல கொட்டற உப்புலயும் வண்டிங்க துருப்பிடிச்சு உதிர்ந்துக்கிட்டிருந்தது. புதுக் கதவு வேணும், மட்கார்டு வேணும்னு அலைஞ்சவங்களுக்கு, பெருங்களத்தூர்ல இருபது வருஷம் தூங்கின இரும்பு போய்ச் சேர்ந்தது. இங்கே ஒரு காரைக் காப்பாத்த முடியாத பாகங்கள் அங்கே வேற கார்களைக் காப்பாத்துது.

இன்னொரு சுவாரசியம். 2008ல டாடா ஜாகுவார், லேண்ட் ரோவரை வாங்கினப்ப 'ரோவர்'ங்கற பேரும் கூடவே வந்துடுச்சு. 2024 செப்டம்பர்ல டாடா மோட்டார்ஸ், ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களுக்கான ஆலைக்கு ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்துல அடிக்கல் நாட்டினாங்க. ரோவர் குடும்பம் மறுபடியும் தமிழ்நாட்டுக்கு வருது. இந்தத் தடவை நம்மாளுதான் முதலாளி.

பெருங்களத்தூர்ல செஞ்சது தோல்விதான், மழுப்ப வேண்டாம். ஆனா மறைமலை நகருக்கு ஃபோர்டும், மகிந்திரா சிட்டிக்கு பி.எம்.டபிள்யூவும் வர்றதுக்கு முன்னாடியே, முழுசா ஒரு காரைக் கட்டத் தெரிஞ்ச ஜனங்க இந்த ரோட்டோரம் குடியிருந்தாங்க. ஒரு தலைமுறையே அந்த சங்கு சத்தத்துக்கு எழுந்து வேலைக்குப் போயிருக்கு. அதைச் சொல்ல அந்த இடத்துல ஒரு ஹெரால்டு பானெட்டாவது நிறுத்தி வச்சிருக்கலாம்ங்கறது என் ஆதங்கம்.

டிஸ்கி: உங்க வீட்டு ஆல்பத்துல ஹெரால்டோ, கெஸலோ, ஸ்டாண்டர்ட் 2000மோ நிக்கிற போட்டோ இருந்தா ஸ்கேன் பண்ணி உங்க பதிவுல போடுங்க மக்களே. அந்தத் தொழிற்சாலையில வேலை பார்த்த தாத்தா, பெரியப்பா யாராவது உங்க வீட்ல இருந்தா, ஒரு காப்பி போட்டுக் குடுத்து உக்கார வச்சுக் கேளுங்க. ஆல்பம் பத்திரமா இருக்கும், அவங்களுக்கு வயசாயிட்டே போகுது.