பத்தாயிரம் காலடி எங்கிருந்து வந்தது?

கையில் ஸ்மார்ட்வாட்ச் கட்டியிருக்கும் யாரையாவது "ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கணும்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: 10,000 ஸ்டெப்ஸ். யார் சொன்னது என்று கேட்டால், "டாக்டருங்க சொல்றாங்க", "உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு" என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்றுதான் இருக்கிறது. தினம் இத்தனை காலடி என்ற இலக்கு அதில் கிடையாது.

அப்படியென்றால் இந்த எண்ணை யார் வைத்தது? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். (நடக்கிற அடியையும் 12 அங்குல அடியையும் போட்டுக் குழப்பாமல் இருக்க, காலடி என்றே எழுதுகிறேன்.)

மனிதன் காலடியை எண்ணுவது புதுசு இல்லை. மைல் என்ற சொல்லே ரோமானியர்களின் 'ஆயிரம்' என்பதிலிருந்து வந்ததுதான். இடது வலது இரண்டு காலடி சேர்ந்தால் ஒரு கணக்கு, அப்படி ஆயிரம் சேர்ந்தால் ஒரு ரோமானிய மைல். நம் நாட்டிலும் காலடி எண்ணியே பெயர் வாங்கிய ஒருவர் உண்டு. குமாவுன் மலைப்பகுதியில் மிலம் கிராமத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் நைன் சிங் ராவத்.

1802-இல் நம்ம பரங்கிமலைப் பக்கம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய வேலைதான் பின்னாளில் இந்தியா முழுவதையும் அளந்த பெரும் முக்கோண அளவைத் திட்டமாக வளர்ந்தது. இமயமலை வரை வந்ததும் அது முட்டி நின்றது. திபெத்துக்குள் ஆங்கிலேயர் நுழைய முடியாது. அளவைத் துறையில் இருந்த மாண்ட்கோமரி, மலைவாசிகளையே பயிற்சி கொடுத்து அனுப்பலாம் என்று முடிவு செய்தார். நைன் சிங்குக்கு டேராடூனில் பயிற்சி. மேடோ பள்ளமோ, காலடி ஒரே நீளத்தில் விழ வேண்டும். ஏறத்தாழ 2,000 காலடி வைத்தால் ஒரு மைல்.

எண்ணுவதற்கு ஒரு ஜெபமாலை. வழக்கமாக 108 மணி இருக்கும் மாலையில் 8 மணியை எடுத்துவிட்டு 100 ஆக்கினார்கள். நூறு காலடிக்கு ஒரு மணி தள்ள வேண்டும். பார்ப்பவர்களுக்கு யாத்ரீகர் ஜெபம் பண்ணுவது போல இருக்கும். பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சீட்டுக்குப் பதிலாகக் குறிப்புச் சீட்டு. இப்படியே நடந்து 1866 ஜனவரியில் லாசா போய்ச் சேர்ந்தார். அந்தப் பயணத்தில் அவர் எண்ணிய காலடிகள் சுமார் 25 லட்சம். 1877-இல் லண்டன் ராயல் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மணி, மணிக்கு 100 காலடி. மாலை ஒரு சுற்று வந்தால் சரியாக 10,000 காலடி, அதாவது 5 மைல்! நைன் சிங்கைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது இந்தப் பொருத்தம் கண்ணில் பட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஆனால் இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நூறு நூறாக எண்ணினால் பத்தாயிரம் வரும், அவ்ளோதான். கவனிக்க வேண்டியது வேறொன்று. நைன் சிங் காலடியால் அளந்தது நிலத்தை. "இன்னைக்கு ஒரு மாலை முடிக்கலையே" என்று அவரை யாரும் குறை சொல்லவில்லை. காலடியை வைத்து நடக்கிற ஆளையே அளப்பது பின்னால் வந்த பழக்கம்.

அந்தப் பழக்கத்துக்கு ஊர் ஜப்பான். 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்து முடிந்திருந்தது. நாட்டில் உடற்பயிற்சி மீது ஆர்வம் கூடியிருந்த நேரம். அடுத்த வருஷம், 1965-இல், யமாசா என்ற கடிகார நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் காலடிமானி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் 'மான்போ-கெய்'. மான் என்றால் பத்தாயிரம், போ என்றால் காலடி, கெய் என்றால் மானி. பத்தாயிரம் காலடி மானி. பொருளின் பெயரே இலக்காகிவிட்டது. ஜப்பானிய நடைப்பயிற்சிக் குழுக்களும் அதைப் பிடித்துக்கொண்டன.

ஏன் 8,000 இல்லை, 12,000 இல்லை? இங்கே மொழி வேலை செய்திருக்கிறது என்று நினைக்கிறேன். நாம் லட்சம், கோடி என்று எண்ணுவது போல ஜப்பானியர்கள் பத்தாயிரம் பத்தாயிரமாகக் கட்டி எண்ணுகிறார்கள். 'மான்' அவர்களுக்குத் தனிச் சொல், தனி எழுத்து. அவர்கள் வாழ்த்தாக முழங்கும் 'பன்சாய்' என்பதற்கு நேர்ப் பொருளே பத்தாயிரம் ஆண்டுகள்தான். நம்ம 'பல்லாண்டு' மாதிரி. ஆக 'மான்' அங்கே ஒரு எண் மட்டுமில்லை, நிறைவுக்கு ஒரு சொல். போதாக்குறைக்கு அந்த எழுத்தின் வடிவமும் ஒரு ஆள் நடப்பது போலவே இருக்கிறது என்பார்கள். விற்பனைக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்குமா?

மென்பொருள்காரன் என்ற முறையில் எனக்கு இதன் அடுத்த கட்டம்தான் சுவாரசியம். இடுப்புக் காலடிமானியில் இருந்தது ஊசலும் பல்சக்கரமும். இன்றைய வாட்சில் இருப்பது சிலிக்கானில் செதுக்கிய முடுக்கமானி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன எடை அசையும், அந்த அசைவு மின்சார அளவாக மாறும், அதில் ஏறி இறங்கும் உச்சங்களை நிரல் எண்ணும். கை வீசி நடந்தால் எண்ணும். தள்ளுவண்டியைப் பிடித்தபடி நடந்தால் கை அசையாததால் பல காலடிகளைத் தவறவிடும். நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிற பெண்ணுக்கு இந்தக் கருவியைக் கட்டினால், அவர் உழைப்பில் பெரும்பகுதி கணக்கிலேயே வராது.

2007-இல் தொடங்கப்பட்ட ஃபிட்பிட் 2009-இல் தன் முதல் கருவியை விற்றது. அதன் செயலியில் முன்கூட்டியே வைத்திருந்த தினசரி இலக்கு 10,000. நிரலில் காரணம் எழுதாமல் உட்கார்ந்திருக்கும் இந்த மாதிரி எண்ணை நாங்கள் 'மேஜிக் நம்பர்' என்போம். யாரோ ஒருவர் வைத்திருப்பார், அடுத்து வருபவர் தொட பயந்து அப்படியே விட்டுவிடுவார். ஜப்பானில் ஒரு பெட்டியின் பெயராக இருந்த எண், உலகம் முழுக்க லட்சக்கணக்கான மணிக்கட்டுகளில் இப்படித்தான் போய் உட்கார்ந்தது.

அறிவியல் மெதுவாகப் பின்னால் வந்தது. 2019-இல் ஹார்வர்டின் ஐ-மின் லீ குழு 16,741 அமெரிக்கப் பெண்களிடம் எடுத்த ஆய்வு வெளியானது. சராசரி வயது 72. தினம் சுமார் 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களில் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. 7,500 வாக்கில் அந்தப் பலன் சமநிலைக்கு வந்துவிட்டது. 10,000 என்ற எண் அந்த ஜப்பானியக் கருவியின் பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்று அந்தக் கட்டுரையே குறிப்பிடுகிறது. 2025-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் 57 ஆய்வுகளைத் தொகுத்து வந்த கட்டுரையும், 2,000 காலடியோடு ஒப்பிட்டால் 7,000 காலடியில் இறப்பு அபாயம் 47 சதவீதம் குறைவு என்றது. இவை கவனித்து எடுத்த கணக்குகள். ஆரோக்கியமாக இருப்பவர் கூடுதலாக நடப்பார் என்பதும் இதில் கலந்திருக்கும். என்றாலும் 10,000-இல் மந்திரம் எதுவும் இல்லை என்பது தெளிவு.

சரி, கூட நடந்தால் நல்லதுதானே, இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நிமிடத்துக்கு 100 காலடி வைத்தாலும் 10,000-க்கு ஒரு மணி நாற்பது நிமிடம். வீட்டுக்குள் நடப்பது சேர்ந்தாலும், மூட்டுவலியுள்ள 70 வயதுக்காரருக்கு அது எட்டாத உயரம். 4,500 நடந்தவர் "பாதிகூட வரலையே" என்று வாட்சைக் கழற்றி வைத்துவிட்டால், உண்மையில் பலன் கொடுத்துக்கொண்டிருந்த நடையும் போச்சு. காசும் இதில் இருக்கிறது. தினசரிக் காலடி இலக்கை எட்டினால் பிரீமியத்தில் சலுகை தரும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் நம் நாட்டிலும் வந்துவிட்டன. பெட்டியின் பெயர் பாலிசியின் விதியாகிவிட்டது.

இப்போது அடுத்த திருப்பம். 2024-இல் சாம்சங் தன் வாட்சில் தூக்கம், நடை, இதயத் துடிப்பு எல்லாவற்றையும் கலந்து 'எனர்ஜி ஸ்கோர்' என்று ஒரே மதிப்பெண் கொடுத்தது. ஃபிட்பிட்டை வாங்கிய கூகுள், ஜெமினி செயற்கை நுண்ணறிவால் இயங்கும் உடல்நலப் பயிற்சியாளரை 2025-இல் அறிவித்தது. ஆளுக்கு ஏற்ற ஆலோசனை என்கிறார்கள். நல்லதுதான், எல்லாருக்கும் ஒரே 10,000 என்பதைவிட மேல்.

எனக்கு ஒரு கவலை மட்டும் உண்டு. 10,000 வெளிப்படையாக எழுதியிருந்த எண். அதனால்தான் "எங்கிருந்து வந்தது?" என்று கேட்க முடிந்தது. அப்படியும் அந்தக் கேள்வி பரவலாக வர அரை நூற்றாண்டு ஆனது. இனி எண் திரையில் இருக்காது. "நேத்து சரியா தூங்கலை, இன்னைக்கு லேசா நடந்தா போதும்" என்று இனிமையான ஒரு வாக்கியம்தான் வரும். அதற்குப் பின்னாலும் யாரோ, எந்த ஊர் ஆட்களையோ அளந்து வைத்த எல்லைகள் இருக்கத்தான் செய்யும்.

அதனால் கருவி புத்திசாலியா என்று பார்ப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்கலாம். இந்த அளவை யாரிடம் எடுத்தார்கள்? என் வயதும் வேலையும் அதில் உண்டா? நான் நடந்தால் யாருக்கு லாபம்? மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை, நேற்று நடந்ததைவிட இன்று கொஞ்சம் கூட நடந்தால் போதும். அதற்கு எண்ணே தேவையில்லை.