நடுவர் பார்க்காத நாட்குறிப்பு

காவல் துறை புலன் விசாரணையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று குறைப்படுவோருக்கு இந்தியச் சட்டத்தில் வாசல்களுக்குப் பஞ்சமில்லை. காவல் நிலையம் புகாரைப் பதியாவிட்டால் காவல் கண்காணிப்பாளர், அவரும் அசையாவிட்டால் பிரமாணப் பத்திரத்தோடு குற்றவியல் நடுவர் என்று, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173, 175 ஆம் பிரிவுகள் வழி காட்டுகின்றன. மதுரா ரயில் நிலையத்தில் இறந்து கிடந்த ராணுவ மேஜரின் தந்தை தொடுத்த சாகிரி வாசு வழக்கில், 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிபிஐ விசாரணைதான் வேண்டும் என்று கேட்க அவருக்கு உரிமையில்லை என்றது. ஆனால், புலன் விசாரணை முறையாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் அதிகாரம் நடுவருக்கே உண்டு என்பதையும் அதே தீர்ப்பு உறுதிசெய்தது. ஆக, அதிகாரம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தேவையான விவரம்தான் புகார்தாரரிடமும் இல்லை, நடுவரிடமும் இல்லை.

வழக்கை முடித்துவைக்கும் கட்டத்தில் இந்தக் குறை அப்பட்டமாகத் தெரியும். காவல் துறையின் முடித்துவைப்பு அறிக்கையை நடுவர் ஏற்குமுன் புகார்தாரருக்கு அறிவிப்பு அனுப்பி அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது பகவந்த் சிங் வழக்கில் 1985இலேயே நிலைநாட்டப்பட்ட விதி. எதிர்ப்பு மனு போடலாம். எதை வைத்துப் போடுவது? எந்தச் சாட்சியைக் கேட்காமல் விட்டார்கள், எந்தக் கேமரா பதிவை எடுக்கவில்லை, எந்த மாதிரி ஆய்வகத்துக்குப் போகவில்லை என்பதையெல்லாம் விசாரணை அதிகாரி அன்றாடம் எழுதும் வழக்கு நாட்குறிப்பிலிருந்துதான் கண்டுகொள்ள முடியும். அவர் கைக்கு வருவதோ ‘மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது’ என்று முடியும் ஒரு தாள். விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 193 ஆம் பிரிவு இப்போது சொல்வது நல்ல மாற்றமே. ஆனால் எதைத் தெரிவிப்பது என்று அது வரையறுக்கவில்லை. ‘விசாரணையில் உள்ளது’ என்ற ஒற்றை வரியோடு கடமை முடிந்ததாகக் கணக்குக் காட்டிவிடலாம்.

முடித்துவைப்பு அறிக்கையை ஏற்குமுன் நடுவர் அந்த நாட்குறிப்பை வரவழைத்துப் படிக்க வேண்டும். புலன் விசாரணை காவல் துறையின் தனி எல்லை, நீதிமன்றம் அதில் நுழையலாகாது என்று 1944ஆம் ஆண்டின் பிரிவி கவுன்சில் தீர்ப்பைக் காட்டி மறுப்பார்கள். படித்துப் பார்ப்பது நுழைவதாகாது. குற்றப் பத்திரிகை தாக்கல் செய்யும்படி நடுவர் காவல் துறைக்கு உத்தரவிட முடியாது என்று 1967இல் அபிநந்தன் ஜா வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றமே, மேற்கொண்டு விசாரிக்கச் சொல்லலாம் என்றும் ஒப்புக்கொண்டது. விசாரித்தது போதுமா என்று தெரியாமல் மேற்கொண்டு விசாரிக்க எப்படிச் சொல்வது? நாட்குறிப்பு வெளிப்பட்டால் சாட்சிகளுக்கு ஆபத்து என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. அதனால்தான் அதைப் புகார்தாரரிடம் கொடுக்கச் சொல்லவில்லை. நடுவர் படித்து, எடுத்த நடவடிக்கைகளும் விட்டுப்போனவையும் எவை என்று உத்தரவில் குறித்தால் போதும். 192 ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தின் விசாரணையிலுள்ள வழக்குக்கே நாட்குறிப்பை வரவழைக்கலாம், முடித்துவைப்பு அறிக்கையைப் பரிசீலிப்பது விசாரணையாகுமா என்று நுணுக்கவாதி கேட்கக்கூடும். இரு தரப்பையும் கேட்டு, ஏற்பதா மறுப்பதா என்று நடுவர் முடிவெடுக்கும் நடவடிக்கை விசாரணை இல்லையென்றால் வேறென்ன? வேலைப்பளு உண்மையான தடைதான். ஆனால் எதிர்ப்பு மனு வந்த வழக்குகளில் மட்டும் படித்தால் சுமை பெரிதாகாது. நாட்குறிப்பை வரவழைக்கும் அதிகாரத்தை 192 ஆம் பிரிவு ஏற்கெனவே நீதிமன்றத்துக்குத் தந்திருக்கிறது. இதற்குப் புதிய சட்டத் திருத்தம் தேவையில்லை.