சதுரத்துக்குள் ஒரு வட்டம்: திருப்பூரில் துணி காய்ந்த கதை

1

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். பக்கத்து டேபிளில் லேபிள் எண்ணிக் கட்டிக்கொண்டிருந்த பெண், உசிலம்பட்டிப் பக்கம். ஒரு வாஷ்கேர் லேபிளை எடுத்து நீட்டி, "ஏண்ணே, இந்தக் கட்டத்துக்குள்ள வட்டம் போட்டிருக்கே, அது என்னாண்ணே?" என்றாள்.

தொட்டி என்றால் துவைப்பது, முக்கோணம் என்றால் வெளுப்பது, சதுரம் என்றால் உலர்த்துவது, பிறகு இஸ்திரிப் பெட்டி, கடைசி வட்டம் டிரைகிளீனிங் என்று வரிசையாகச் சொன்னேன். சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் டம்பிள் டிரையர், அதாவது சூட்டில் துணியை உருட்டி உருட்டிக் காயவைக்கிற மெஷின். அதற்குள் ஒரு புள்ளி இருந்தால் குறைந்த சூடு, மேலே பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்த மெஷினில் போடாதே.

"துணி காயிறதுக்கு மெசினா? அந்த ஊர்ல வெயிலே அடிக்காதா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு சுலபமானது. 'அவர்கள் இயந்திரத்துக்கு அடிமையானவர்கள், நாம் இயற்கையோடு வாழ்பவர்கள்' என்கிற சொல்லாடல் அதற்குள் ஒளிந்திருக்கிறது. இதைத் திருப்பிப்போட்டால் 'அவர்கள் வளர்ந்துவிட்டார்கள், நாம் இன்னும் கொடி கட்டிக்கொண்டிருக்கிறோம்' என்பது. இரண்டும் ஒரே துணியின் இரண்டு பக்கங்கள்தான். துணியைக் காயவைக்க இடம் வேண்டும், ஆள் வேண்டும், ஈரம் போய்ச்சேர ஓரிடம் வேண்டும். இந்த மூன்றையும் யார் தருகிறார்கள் என்பதை இரண்டு பேச்சுமே மறைத்துவிடுகின்றன. அன்று அந்தப் பெண்ணிடம் நான் கேட்காமல் விட்டதும் இதுதான்: "உன் துணி எங்கம்மா காயுது?"

2

என் அம்மா கொஞ்ச காலம் துணி காயப்போடும் காட்டில் கூலி வேலை பார்த்தவள். எண்பதுகளின் தொடக்கம். கொங்குநாட்டில் 'காடு' என்றால் மரமடர்ந்த வனம் அல்ல, மேட்டு நிலம். நொய்யல் ஓரத்தில் சலவைப் பட்டறைகளை ஒட்டி அப்படிப்பட்ட காடுகள் கிடந்தன. வெளுத்துப் பிழிந்த பின்னல் துணி குழாய் குழாயாக வரும். ஈரத்தில் அதன் கனம் இடுப்பை ஒடிக்கும். விடிந்ததும் விரித்து, ஓரத்தில் கல் வைத்து, உச்சி வெயிலில் புரட்டிப்போட்டு, பனி இறங்குவதற்குள் சுருட்டி எடுக்க வேண்டும். ஆடு மிதிக்காமல், நாய் படுக்காமல், காக்காய் எச்சமிடாமல் பார்த்துக்கொள்வது என்னைப் போன்ற பொடியன்களின் வேலை. ஐப்பசி அடைமழையில் பட்டறைக்காரருக்கு நஷ்டம், அம்மாவுக்குக் கூலி இல்லை. "மேக்கால மானம் கறுக்குது, ஓடியாங்கொ" என்கிற குரல் இன்னும் காதில் கிடக்கிறது. வெயில் இலவசம் என்று யாராவது சொன்னால், வெடித்துப்போன அவள் பாதங்கள்தான் எனக்கு ஞாபகம் வருகின்றன.

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் வேர்விட்டது 1920, 30களில். நீண்ட காலம் அது உள்நாட்டுச் சந்தைக்கான வெள்ளை பனியன்தான். ஆகவே இந்த ஊரின் முதல் 'நிறம்' வெள்ளை. அந்த வெள்ளையைத் தயாரிக்க நொய்யலின் தண்ணீரும், பிளீச்சிங் பவுடரும், வெயிலும் வேண்டியிருந்தன.

பிளீச்சிங் பவுடருக்கு முன்னால் வெளுப்பதும் காயவைப்பதும் ஒரே வேலையாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஹாலந்தில் ஹார்லெம் நகரைச் சுற்றியிருந்த வெளுப்பு வயல்களில் லினன் துணியை மாதக்கணக்கில் புல்மேல் விரித்து, நனைத்து நனைத்து வெயிலில் வெளுத்தார்கள். யாகோப் வான் ரூயிஸ்டால் 17ஆம் நூற்றாண்டில் வரைந்த நிலக்காட்சிகளில் அந்த வெள்ளைப் பட்டைகளைப் பார்க்கலாம். 1799இல் கிளாஸ்கோவின் சார்லஸ் டென்னன்ட் சுண்ணாம்பில் குளோரினை ஏற்றி வெளுப்புத் தூள் செய்யக் காப்புரிமை பெற்றார். மாதங்கள் நாட்களாகச் சுருங்கின, வயல்கள் வேறு வேலைக்குப் போயின. அந்தத் தூள்தான் பின்னாளில் நொய்யல் கரைக்கும் வந்துசேர்ந்தது.

நம் பக்கத்தில் அதே இடத்தில் இருந்தது வெள்ளாவி. உவர்மண்ணில் ஊறவைத்து, இரவெல்லாம் ஆவியில் அவித்து, துறையில் அடித்து, வெயிலில் விரிப்பது. இந்த அறிவு முழுவதும் வண்ணார்களிடம் இருந்தது. ஆனால் அழுக்கைத் தொட்ட கை என்பதால் அவர்களைத் தீட்டானவர்களாக்கி, தலித்துகளுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார்களை அதற்கும் கீழே தள்ளி வைத்தது இந்தச் சமூகம். அக்கிரகாரத்திலோ 'மடி'த் துணி, வேறு யார் கையும் படாதபடி, உயரத்தில் கட்டிய கொடியில் கோலால் தள்ளிக் காயப்போடப்பட்டது. கொடியின் உயரத்தைக்கூட சாதிதான் தீர்மானித்தது. 'வெயிலில் காய்ந்த துணியின் வாசம்' என்று நாம் உருகுகிறோமே, அந்த வாசத்துக்கும் படிநிலை இருந்தது.

அமெரிக்காவில் இதே வேலை இனத்தோடு பிணைந்திருந்தது. 1881இல் அட்லாண்டா நகரில் துணி வெளுத்த கறுப்பினப் பெண்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 1892இல் துணி உலர்த்தும் சாதனம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்ற ஜார்ஜ் டி. சாம்ப்சனும் கறுப்பினத்தவர்தான். உலர்த்தும் மெஷினின் சரித்திரம் இந்த மனிதர்களையும் சேர்த்துத்தான் தொடங்குகிறது.

3

டம்பிள் டிரையர் வீட்டுக்குள் வந்த கதையிலும் ஒரு அம்மா இருக்கிறாள். வடக்கு டகோட்டாவின் உறைபனிக் குளிரில் தன் தாய் வெளியே துணி உலர்த்துவதைப் பார்க்கச் சகிக்காமல் ராஸ் மூர் என்பவர் உலர்த்தி செய்யத் தொடங்கினார் என்பார்கள். விஸ்கான்சினைச் சேர்ந்த ஹாமில்டன் கம்பெனி 1938இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வைத்த பெயர் 'ஜூன் டே'. ஜூன் மாதத்து வெயில் நாளை டப்பாவில் அடைத்து விற்கிறார்களாம்! என் அம்மா அதைக் கேட்டிருந்தால் வாங்கித் தரச் சொல்லியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். குளிரில் விறைத்த விரல்களை அந்த மெஷின் காப்பாற்றியது. இதை மறுத்துவிட்டு 'இயற்கை' பேசுவது ஆண்களுக்குச் சுலபம்.

ஆனால் மெஷின் அதோடு நிற்கவில்லை. 1956இல் அமெரிக்க மின்சாதனக் கம்பெனிகள் 'மின்சாரத்தால் நன்றாக வாழுங்கள்' என்று பிரச்சாரம் தொடங்கின. டிரையர் உள்ள வீடு நாகரிகத்தின் அடையாளம், கொடி கட்டிய வீடு வறுமையின் அடையாளம் என்று ஆனது. பல குடியிருப்புச் சங்கங்கள் வெளியே துணி உலர்த்தவே தடை போட்டன, வீட்டின் விலை குறைந்துவிடும் என்று. அந்தத் தடைகளை எதிர்த்து 'உலர்த்தும் உரிமை' என்றே ஓர் இயக்கம் எழுந்தது. வெர்மான்ட் 2009இலும் கலிபோர்னியா 2015இலும் கொடி கட்டும் உரிமைக்குச் சட்டம் செய்தன. சூரியனுக்குச் சட்டம் போட வேண்டியிருந்தது!

இதற்கும் திருப்பூருக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் லேபிளில் இருக்கிறது. 1963இல் பாரிஸில் தொடங்கப்பட்ட ஜினெடெக்ஸ் என்ற அமைப்பு இந்தக் குறிகளை வளர்த்தெடுத்தது. 1971இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் பராமரிப்பு லேபிளுக்கு விதி கொண்டுவந்தது. எழுபதுகளின் கடைசியிலிருந்து திருப்பூர் ஏற்றுமதிக்குள் நுழைந்தபோது, ஆர்டரோடு சேர்ந்து அந்தக் குறிகளும் வந்து இறங்கின.

பின்னல் துணி என்பது நூல் கண்ணிகளின் கோவை. பட்டறையில் ஈரத்தோடு இழுபடும்போது கண்ணிகள் நீளவாக்கில் நீண்டுவிடும், காய்ந்தாலும் அந்த நீளம் தங்கிவிடும். பிறகு ஏதோ ஒரு வீட்டில் நனைந்து, சூட்டு டிரம்முக்குள் புரளும்போது கண்ணிகள் தம் இயல்பான வடிவத்துக்குத் திரும்புகின்றன. சட்டை சுருங்குகிறது. கொடியில் காய்ந்தால் இவ்வளவு சுருங்காது, ஈரத்தின் கனமே அதைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். ஐ.எஸ்.ஓ. 6330 என்ற சோதனை விதியில் கொடியில் உலர்த்துவது, சமதளத்தில் உலர்த்துவது, டிரம்மில் உலர்த்துவது என்று தனித்தனி முறைகள் உண்டு. பையர் டிரம் என்று சொன்னால் டிரம்தான். ஷ்ரிங்கேஜ் பெயிலானால் லாட்டே திரும்பிவிடும்.

ஆக, கண்காணாத ஒரு சமையலறைப் பக்கத்தில் சுழலும் டிரம் இங்கே பட்டறையின் அமைப்பையே மாற்றியது. ஹைட்ரோ, டிரையர், துணியைத் தைக்கும் முன்பே அழுத்திச் சுருக்கிவிடும் காம்பாக்டிங், இவற்றுக்கு ஆவி தர விறகு தின்னும் பாய்லர் எல்லாம் வந்தன. ஏற்றக் கப்பல் தேதி காத்திருக்கும்போது மானம் பார்த்து வேலை செய்ய முடியாது. காடுகள் சைட்டுகளாயின. அம்மாவின் வேலை போயிற்று. அவள் கைமடியாகக் கம்பெனிக்குள் போனாள். நிழல் கிடைத்தது, கூடவே ஒன்றரை ஷிப்டும்.

4

துணி சீக்கிரம் காய்ந்தது. ஈரம் எங்கே போயிற்று?

வெள்ளை போய் வண்ணம் வந்ததும் சாயப்பட்டறைகள் பெருகின. நொய்யலில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992இல் முடிந்தது. அதில் தேங்கியது சாயக்கழிவு. கீழே இருந்த விவசாயிகளின் கிணறுகள் உப்பேறின. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டறைகளின் பொறுப்பை உறுதிசெய்தது. கழிவு வெளியேறுவது நிற்காததால் 2011 ஜனவரி 28இல் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. அதன் பிறகுதான் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு நிபந்தனையோடு தொழில் மீண்டது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சுத்திகரிப்பில் மிஞ்சும் உப்புநீரைத் தொட்டிகளில் விட்டு வெயிலில் ஆவியாக்கிப் பார்த்தார்கள். அதற்கும் இடம் பற்றவில்லை, மழை கெடுத்தது. பிறகு ஆவியாக்கும் எந்திரங்கள் வந்தன. துணி வெயிலிலிருந்து டிரம்முக்குப் போன அதே பாதையில் தண்ணீரும் போயிற்று. ஆவி மேலே போகிறது, உப்பு மூட்டை மூட்டையாகக் கீழே மிஞ்சுகிறது. அழுக்கைக் கழுவிய பிறகு கழுவிய அழுக்கை எங்கே வைப்பது என்கிற பழைய கேள்வியை, ஒருகாலத்தில் ஒரு சாதியின் தலையில் கட்டினோம். இன்னொரு காலத்தில் ஆற்றின் கீழ்க்கரையில் இருந்தவர்கள் தலையில் கட்டினோம். ஆளை மாற்றினோமே தவிர, கட்டுகிற பழக்கத்தை மாற்றவில்லை.

5

இப்போது அந்த உசிலம்பட்டிப் பெண்ணுக்கு வருகிறேன். பிறகு ஒருநாள் கேட்டேன். லைன் வீடு. எதிரெதிரே இரண்டு வரிசை, நடுவில் சந்து, சந்தில் எல்லாருக்கும் பொதுவாய் இரண்டு கொடி. காலை எட்டரைக்குள் கம்பெனிக்கு வந்துவிட வேண்டும், திரும்பும்போது ராத்திரி எட்டரை. "வெயிலு அடிக்குதுண்ணே, ஆனா நான் வீட்ல இருந்தாத்தான?" என்றாள். துவையல் ஞாயிற்றுக்கிழமை, அதுவும் தண்ணீர் வந்திருந்தால். அவசரத்துக்கு ராத்திரி அலசி ஃபேனுக்குக் கீழே போடுவாளாம். உள்ளாடை துண்டுக்கு அடியில். மாதவிலக்குக்குக் கட்டிங் வேஸ்ட் துணி, அது கதவுக்குப் பின்னால், இருட்டில். உலகத்துக்கே பனியன் தைக்கிற ஊரில் தைக்கிறவளின் துணி வெயிலைப் பார்ப்பதில்லை. கேம்ப் ஹாஸ்டலில் இருந்த அவள் சிநேகிதியின் நிலைமை இன்னும் மோசம். பெண்பிள்ளைகள் தெருவுக்குத் தெரிவார்கள் என்று அங்கே மொட்டைமாடியைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

வெளிநாட்டுக் கொடிக்குத் தடை போட்டது சொத்து மதிப்பு. இங்கே தடை போட்டது 'மானம்'. உடலின் ஈரம் வெளியே தெரியக்கூடாது என்பதில் இரண்டும் உடன்படுகின்றன. ஒன்று மெஷின் கொடுத்து மறைக்கிறது, மற்றது மெஷினும் கொடுக்காமல் மறைக்கச் சொல்கிறது.

இதற்கிடையில் லேபிள் திரும்பவும் மாறிக்கொண்டிருக்கிறது. பூமியைக் காப்பாற்றுங்கள், மின்சாரத்தை மிச்சம் பிடியுங்கள், கொடியில் உலர்த்துங்கள் என்று சில பிராண்டுகள் அச்சடிக்கச் சொல்கின்றன. அந்த வாசகத்தில் தப்பு ஒன்றுமில்லை, டிரம் மின்சாரம் குடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த லேபிளை எண்ணிக் கட்டுகிறவளுக்குக் கொடி இல்லை, வெயில் நேரம் இல்லை. அங்கே கொடி என்பது மனசாட்சி உள்ளவர்களின் தேர்வு. இங்கே அது ஒரு சந்தின் இட நெருக்கடி.

ஒரு முறை சம்பளப் பேச்சுவார்த்தைக்கான கோரிக்கைப் பட்டியல் தயாரித்தபோது நானும் உட்கார்ந்திருந்தேன். பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி, பயணப்படி என்று போய்க்கொண்டிருந்தது. துணி துவைத்துக் காயப்போட இடம், ஹாஸ்டல்களில் மொட்டைமாடிச் சாவி பெண்கள் கையில் என்று இரண்டைச் சேர்க்கலாமே என்றேன். தோழர்கள் சிரித்தார்கள். "கொடி பிடிக்கிறவங்கிட்ட கொடி கட்டச் சொல்றியே" என்றார் ஒருவர். நல்ல ஜோக்தான், நானும் சிரித்தேன். பட்டியல் அப்படியே போயிற்று.

சிரித்த எங்கள் எல்லோருடைய சட்டையும் அன்று சலவையாகத்தான் இருந்தது. அதைத் துவைத்தது யார், எங்கே காயப்போட்டார்கள் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.