இறந்தபின் வரும் தடை: பாறுகளும் கால்நடை மருந்துச் சட்டமும்

பிணந்தின்னிக் கழுகுகளாகிய பாறுகள் இந்தியாவில் அழிந்த வரலாறு பெரும்பாலும் ஒரு வெற்றிக்கதையாகவே எழுதப்படுகிறது. பறவைகள் கூட்டம் கூட்டமாக மாண்டன, ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டறிந்தார்கள், அரசு மருந்தைத் தடை செய்தது, சரிவு தணிந்தது. இதில் பொய் ஏதுமில்லை. ஆனால் ஒவ்வொரு நிகழ்வுக்கும் எதிரே அது நடந்த ஆண்டைக் குறித்துக்கொண்டு மறுபடி படித்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. ஒரு மருந்து நஞ்சென்று தெரிவதற்கும் அது கடையிலிருந்து அகற்றப்படுவதற்கும் இடையே எட்டு, பத்து, பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. அலுவலர்களின் மெத்தனம் என்று மட்டும் இதைச் சொல்லிக் கடந்துவிட முடியாது. போதிய பறவைகள் செத்து விழும்வரை எந்த மருந்தும் நல்ல மருந்தே என்று கொள்ளும் உரிமமுறையில்தான் கோளாறு இருக்கிறது. பிணந்தின்னிப் பறவைகளுக்குத் தீங்கற்றது என்று மெய்ப்பித்த பிறகே ஒரு வலிநிவாரணியைக் கால்நடைக்கு அனுமதிக்க வேண்டும். மெய்ப்பிக்கும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சேர வேண்டும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

1980களில் துணைக்கண்டத்தில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்தன. ராஜஸ்தானின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் அவை குறைந்துவருவதை 1990களில் பதிவுசெய்தவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ். வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் 99.9 விழுக்காடு அழிந்தது. ஆயிரம் பறவை இருந்த இடத்தில் ஒன்று எஞ்சியது. கருங்கழுத்துப் பாறும் அதன் வடநாட்டு உறவான மெல்லலகுப் பாறும் சேர்ந்து ஏறத்தாழ 97 விழுக்காடு வீழ்ந்தன. ஆண்டுக்கு ஒரே முட்டை இடும், ஐந்து வயதளவில்தான் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும் இனம் இது. இப்படிப்பட்ட பறவை ஒரு பதினைந்தாண்டில் இழந்ததை நூறாண்டிலும் மீட்பது கடினம்.

காரணம் 2004இல் வெளிப்பட்டது. லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு பாகிஸ்தானில் இறந்த பாறுகளை அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகம், கல்லீரல், இதயம் எல்லாவற்றின்மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலப் படிகம் படர்ந்திருந்தது. மாட்டின் மடிவீக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் போடப்பட்ட டைக்குளோஃபினாக் ஊசி, மாடு இறந்தபின் அதன் இறைச்சி வழியே பறவைக்குள் போய்ச் சிறுநீரகத்தை நிறுத்திவிடுகிறது. மருந்து மாட்டின் உடலில் தங்குவது சில நாட்களே. ஆனால் பிழைக்காது என்று தோன்றும் மாட்டுக்குத்தானே கடைசி முயற்சியாக ஊசி போடுகிறார்கள்? மருந்து வடிந்து தீரும்முன்பே மாடு செத்துவிடுகிறது.

அதே ஆண்டில் ரிஸ் கிரீனும் உடனாய்வாளர்களும் போட்ட கணக்கு, கொள்கை வகுப்போர் எவரும் மனத்தில் இருத்த வேண்டிய ஒன்று. கால்நடைச் சடலங்களில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவை கொல்லும் அளவில் மருந்தைத் தாங்கியிருந்தாலே இவ்வளவு பெரிய அழிவு நிகழ்ந்துவிடும் என்று அவர்கள் காட்டினார்கள். நாமே எளிய முறையில் சரிபார்க்கலாம். ஒரு பாறு ஆண்டுக்கு நூறு முறை இரையெடுப்பதாகவும், இருநூறு சடலங்களில் ஒன்று நஞ்சேறியதாகவும் கொள்வோம். ஆண்டு முடியும்போது பத்தில் நான்கு பறவைகள் மடிந்திருக்கும். பல பிற துறைகளில் 95 விழுக்காடு கடைப்பிடிக்கப்பட்ட சட்டம் நல்ல சட்டமாகக் கருதப்படும். இங்கே அது பயனற்ற சட்டம்.

இந்தியா 2006இல் கால்நடைக்கான டைக்குளோஃபினாக் உற்பத்தியைத் தடுத்தது. நேபாளமும் பாகிஸ்தானும் அதே ஆண்டில் தடுத்தன. காரணம் தெரிந்த இரண்டே ஆண்டில் வந்த இந்த முடிவு பாராட்டுக்குரியது, இனி வரப்போகும் தாமதங்களோடு ஒப்பிட்டால் வியப்புக்கும் உரியது. ஆனால் தடையில் ஒரு கதவு திறந்தே கிடந்தது. மனிதருக்கான டைக்குளோஃபினாக் 30 மி.லி. புட்டிகளில் தொடர்ந்து விற்கப்பட்டது. மனிதருக்கு ஒருமுறை போடும் ஊசி 3 மி.லி.; அதில் மருந்து 75 மில்லிகிராம். முந்நூறு கிலோ எடையுள்ள மாட்டுக்கு அதுபோல் நான்கு மடங்காவது தேவை. மனிதருக்கு ஒரே தடவையில் தேவைப்படாத இந்தப் பெரிய புட்டி மாட்டுக்கு மிகப் பொருத்தமாக இருந்தது. 2007 முதல் 2010 வரை மருந்துக்கடைகளில் நடத்திய ஆய்வில், மாட்டுக்கு வலிமருந்து கேட்டவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட கடைகள் டைக்குளோஃபினாக்கை எடுத்து நீட்டின. புட்டியின் அளவை 3 மி.லி.க்குக் கட்டுப்படுத்தும் ஆணை வர 2015 ஆகிவிட்டது. அதையும் எதிர்த்து மருந்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின; 2017இல் நீதிமன்றம் ஆணையை நிலைநிறுத்தியது. ஒரு புட்டியின் அளவைச் சுருக்கப் பதினொரு ஆண்டுகள் ஆயின.

அடுத்தடுத்த மருந்துகளின் வரலாறு இதைவிட வருத்தம் தருவது. டைக்குளோஃபினாக் போன இடத்தில் கீட்டோபுரோஃபென் வந்தது. அது பாறுகளைக் கொல்லும் என்பது 2010 வாக்கிலேயே ஆய்விதழில் வெளியாகிவிட்டது. அசிக்குளோஃபினாக்கோ மாட்டின் உடலுக்குள் சென்றதும் டைக்குளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. தடைசெய்த பொருளை வேறு பெயரில் விற்றதற்கு ஒப்பானது இது. இவ்விரண்டையும் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து இந்திய அரசு நீக்கியது 2023 ஜூலையில், அதுவும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு நடந்துகொண்டிருந்தபோது. நிமுசுலைடுக்கு எதிரான சான்று 2016இல் வந்தது. தடை 2024 டிசம்பரில் வந்தது. நம்மைவிடச் சிறிய வங்கதேசம் 2021லேயே கீட்டோபுரோஃபெனை நாடு முழுதும் விலக்கிவிட்டது என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது.

இத்தனைக்கும் வழி தெரியாமல் இல்லை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட பாறு பாதுகாப்புச் செயல்திட்டமே, ஒரு மருந்து பாறுகளுக்கு நஞ்சென்று தெரிந்தால் அது கால்நடைப் பயன்பாட்டிலிருந்து தானாக விலகும் ஏற்பாடு வேண்டும் என்று சொன்னது. அத்திட்டத்தின் காலம் 2025வரை. அந்த ஐந்தாண்டுக்குள் வந்த தடைகளும் பழைய முறைப்படியே மருந்துக்கு மருந்து தனித்தனியாக, குழு, பரிந்துரை, வழக்கு, அரசிதழ் என்று நடந்து வந்து சேர்ந்தவைதான். 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஏ பிரிவு மத்திய அரசுக்குத் தடைவிதிக்கும் அதிகாரத்தைத் தெளிவாகவே தருகிறது. ஆனால் தீங்கு தெரியவந்த பின்னரே அது பயன்படுகிறது. பாறுகளோ 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலிக்கும் யானைக்கும் இணையாக நிற்கின்றன. துப்பாக்கியால் பாறு ஒன்றைச் சுட்டவருக்குச் சிறை உண்டு. ஊசியால் ஆயிரக்கணக்கில் கொல்லும் பொருளுக்கு உரிமம் தரும்போது அந்த அட்டவணையை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஒரே ஒரு கறவை மாட்டை நம்பிக் குடும்பம் நடத்துபவருக்கு அதன் காய்ச்சலும் மடிவீக்கமும் அன்றைய அடுப்பைத் தொடும் செய்தி. பறவைக்காக மாட்டின் வலியை நீட்டலாமா? நீட்டக் கூடாது; நீட்டவும் வேண்டாம். மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கற்றது என்பது 2006லேயே சோதனையில் உறுதியாயிற்று. பின்னர் டால்ஃபினாமிக் அமிலமும் தேர்ச்சி பெற்றது. இரண்டும் இந்தியச் சந்தையில் கிடைக்கின்றன. இவற்றைக் கிராமக் கால்நடை மருந்தகம்வரை தட்டுப்பாடின்றிக் கொண்டுசேர்ப்பதும், தடைக்குரிய மருந்தை அலமாரியிலிருந்து எடுப்பதும் ஒரே வேலையின் இரு பாதிகள். முதல் பாதியைச் செய்யாமல் விவசாயியைக் குறை சொல்வது அறமாகாது.

இன்னொரு மறுப்பு சோதனை பற்றியது. அருகிவரும் பறவையில் மருந்தைச் சோதிப்பது கொடுமை அல்லவா? உண்மையான சிக்கல்தான். ஆயினும் பரேலியில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் ஓரளவு எண்ணிக்கையுள்ள இமயப் பாறுகளைச் சிறு தொகுதியாகக் கொண்டு இச்சோதனைகளைச் செய்துகாட்டியிருக்கிறது. ஏற்கெனவே இதுதான் நடக்கிறது; செலவைப் பொதுப்பணம் ஏற்கிறது, சோதனை மருந்து விற்பனைக்கு வந்த பல ஆண்டுக்குப் பின் நடக்கிறது. நான் கேட்பது வரிசையை மாற்றுவதும் செலவை மாற்றுவதும் மட்டுமே. முன்சோதனை இல்லாத நாடு நாம் மட்டுமல்ல. துணைக்கண்டத்தின் அழிவு உலகறிந்த பின்பும் ஸ்பெயின் 2013இல் கால்நடை டைக்குளோஃபினாக்கை அனுமதித்தது. அதனால் இறந்த கரும்பாறு ஒன்று 2020இல் அங்கே கண்டெடுக்கப்பட்டது.

பாறுகள் இல்லாமல் போனதன் விலையை மனிதர்களே கொடுத்தார்கள். அனில் மார்க்கண்டேயாவும் உடனாய்வாளர்களும் 2008இல் தெருநாய்ப் பெருக்கத்தையும் வெறிநாய்க்கடி இறப்புகளையும் கணக்கிட்டார்கள். 2024இல் எயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் இருவரும் அமெரிக்கப் பொருளியல் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, பாறுகள் மிகுந்து வாழ்ந்த மாவட்டங்களில் மனித இறப்பு விகிதம் நான்கு விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்ததையும், 2000 முதல் 2005வரை கூடுதலாக ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் இறந்ததையும் காட்டியது. அழுகும் சடலமும் மாசுபட்ட நீரும் பெருகிய நாய்களும் அதற்குள் அடக்கம். இறந்தோர் உடலைப் பாறுகளுக்கு அளித்துவந்த மும்பைப் பார்சி மக்கள் தங்கள் இறுதிச்சடங்குக்கே சூரியஒளிக் குவிப்பான்களை நாட வேண்டிவந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைப் பிரசாதம் உண்ண வந்த மஞ்சள்முகப் பாறுகள் 1990களோடு வருவதை நிறுத்திவிட்டன. இன்று தென்னிந்தியாவில் பாறுகளுக்கு எஞ்சியிருக்கும் பெரும் புகலிடம் முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர், வயநாடு காடுகளை இணைக்கும் மோயாறு பள்ளத்தாக்குப் பகுதியே. ஆற்றோர நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறு கூடு வைக்கிறது. செங்குத்துப் பாறையிடுக்கில் கருங்கழுத்துப் பாறு. தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகிய மூன்று மாநிலங்களும் சேர்ந்து 2023 பிப்ரவரியில் எண்ணியபோது 246 பறவைகள். அதே ஆண்டு டிசம்பரில் 320. பிந்தைய கணக்கில் வெண்முதுகுப் பாறு 217, செந்தலைப் பாறு 50, கருங்கழுத்துப் பாறு 47. மாநில அரசு 2022இல் பாறு பாதுகாப்புக் குழுவை அமைத்ததும் அதே ஆண்டில் அயல் களைத்தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்கும் கொள்கையை வெளியிட்டதும் சரியான திசையில் எடுத்த அடிகள். சீகூர்ப் பீடபூமியில் சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் மண்டிய இடங்களில் இரை விலங்கின் சடலம் புதருக்குள் மறைந்துபோகிறது. வானிலிருந்து கண்ணால் தேடும் பறவைக்கு அது இல்லாத உணவு. களையெடுப்பைப் பாறுகளின் இரைத்தளங்களிலிருந்து தொடங்குவது நல்லது. காட்டில் இயல்பாக இறந்த விலங்கைப் புதைக்காமலும் எரிக்காமலும் விடுவதற்குச் செலவே கிடையாது.

ஆனால் ஒரு பாறு ஒரே நாளில் மாவட்ட எல்லைகளைத் தாண்டி இரை தேடும். அதனால் கூட்டைச் சுற்றி நூறு கிலோமீட்டர் ஆரத்துக்குச் சடலங்கள் நஞ்சற்றிருக்க வேண்டும் என்பதே பாறு காப்பிடங்களுக்கான அளவுகோல். மோயாற்றை நடுவாக வைத்து அந்த வட்டத்தை வரைந்தால் கோவையும் மைசூரும் உள்ளே வந்துவிடுகின்றன. வனத்துறையின் கை அவ்வளவு தூரம் எட்டாது. அங்கே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் கால்நடைப் பராமரிப்புத் துறையும் வேலை செய்ய வேண்டும்.

அடுத்து வரப்போகும் மருந்துகளின் பெயர்கூட நமக்குத் தெரியும். ஃபுளூனிக்சின், கார்புரோஃபென் இரண்டையும் பிணந்தின்னிப் பறவைகளின் சிறுநீரகச் சிதைவோடு தொடர்புபடுத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. 2024 டிசம்பர் அரசிதழ் ஆணை நிமுசுலைடோடு நின்றுவிட்டது. மத்திய அரசு இவ்விரண்டின் கால்நடைப் பயன்பாட்டை இப்போதே நிறுத்திவைத்து, பாறுகளுக்குத் தீங்கில்லை என்ற சோதனை முடிவை உற்பத்தியாளர்களிடம் கேட்க வேண்டும். முடிவு சாதகமாக வந்தால் மருந்து திரும்பிவரட்டும். அதுவரை மாநில அரசு தன் கால்நடை மருந்தகங்களுக்கான கொள்முதல் பட்டியலில் இவற்றைச் சேர்க்காமலிருக்கலாம்; அதற்கு டெல்லியின் அரசிதழுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.