எண்ணப்படாத நாட்கள்

சிறைச்சாலைகள் நிரம்பி வழிகின்றன என்று கேட்டவுடன் நம் உள்ளத்தில் எழும் முதல் எண்ணம் எது? குற்றங்கள் பெருகிவிட்டன, ஆகவே இன்னும் பெரிய சிறைகள் கட்டப்பட வேண்டும் என்பதே. ஆனால் 1979ஆம் ஆண்டில் பீகார் மாநிலச் சிறைகள் இந்த நாட்டுக்குக் கற்பித்த பாடம் வேறு.

அவ்வாண்டு ஜனவரித் திங்களில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளேட்டில் கே. எஃப். ருஸ்தம்ஜி எழுதிய இரு கட்டுரைகள் வெளிவந்தன. எல்லைப் பாதுகாப்புப் படையின் முதல் தலைவராகப் பணியாற்றியவர் அவர். அப்போது தேசியக் காவல் ஆணையத்தின் உறுப்பினர். வாழ்நாள் முழுவதும் காவல் துறையில் இருந்த அவரே பீகார் சிறைகளில் கண்டதைத் தாங்கிக்கொள்ள இயலாமல் எழுதினார். அங்கே அடைபட்டிருந்தோரில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்கள் அல்லர், விசாரணைக்காகக் காத்திருந்தவர்கள். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தாலும் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ மட்டுமே தண்டனை பெற்றிருக்கக் கூடியவர்கள், மூன்று ஆண்டு முதல் பத்து ஆண்டு வரை விசாரணையின்றிக் கிடந்தார்கள். சிறுவர்களும் அவர்களிடையே இருந்தனர். எக்குற்றமும் சாட்டப்படாத பெண்களும் இருந்தனர். குற்றத்துக்கு இலக்கானவர்களாயினும் சாட்சிகளாயினும், 'பாதுகாப்பு' என்னும் பெயரில் அவர்களும் கம்பிகளுக்குப் பின்னே வைக்கப்பட்டிருந்தனர்.

கட்டுரையைப் படித்த வழக்குரைஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி அதனையே ஆதாரமாகக் கொண்டு உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். கைதிகளுள் ஒருவரின் பெயரால் அது 'ஹுஸைனாரா காத்தூன் வழக்கு' எனப்பட்டது. நீதிபதி பி. என். பகவதி தலைமையிலான அமர்வு முதலில் கேட்டது ஒரு பட்டியலைத்தான். எவர், எந்நாள் முதல், எக்குற்றச்சாட்டின்பேரில் உள்ளே இருக்கிறார்? ஆண்டு வாரியாகக் கணக்குத் தருக என்று மாநில அரசுக்கு ஆணையிட்டது. அந்தக் கணக்கை அதுவரை எவரும் கேட்டதில்லை. சிறைக்குள் நாட்கள் கழிந்தன, எண்ணுவார்தாம் இல்லை.

அவர்கள் ஏன் பிணையில் வெளிவரவில்லை? விடை எளிது, அவர்கள் ஏழைகள். முந்தைய ஆண்டான 1978இல் நடந்த ஒரு வழக்கு இதனைத் தெளிவாக்கும். மத்தியப் பிரதேசத்து ஏழைக் கொத்தனார் ஒருவரைப் பிணையில் விடுமாறு உச்ச நீதிமன்றமே ஆணையிட்டிருந்தது. கீழ் நீதிமன்றமோ 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது. அவருடைய சகோதரர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அதனைக் கடிந்து, 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணைப் பத்திரத்தின்பேரில் அவரை விடுவிக்கச் செய்தார். பணமுள்ளவனுக்குக் கதவு திறக்கும். அதே குற்றச்சாட்டுக்கு உள்ளான ஏழைக்கு மூடியே இருக்கும்.

பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஓரடி முன்சென்றது. அரசியலமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமையில் விரைவான விசாரணையும் அடங்கும் என்றது. வழக்குரைஞரை அமர்த்த வசதியற்றவருக்கு அரசின் செலவில் சட்ட உதவி தரவேண்டும் என்றது. நிதி இல்லை என்று கூறி அரசு தப்பிக்க முடியாது என்றும் தீர்த்தது. பட்னா, முசாஃபர்பூர், ராஞ்சி சிறைகளின் கைதிகள் சொந்தப் பிணையில் விடுவிக்கப்பட்டனர். இவ்வழக்கின் பயனாக, காலப்போக்கில் சுமார் 40,000 விசாரணைக் கைதிகள் விடுதலை பெற்றதாகக் கூறப்படுகிறது. ஒரு புதிய சுவரும் எழுப்பப்படாமலேயே சிறைகளில் இடம் உண்டாயிற்று.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கைதிகளை வெளியே விட்டால், பாதிக்கப்பட்டவர்களின் அச்சத்துக்கு என்ன விடை? இது நியாயமான கேள்வியே. கொலையுண்டவனின் தாய்க்கும் நீதி வேண்டும். ஆனால் வழக்கை நடத்தாமல் ஒருவனை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைப்பதால் அத்தாய்க்கும் நீதி கிடைப்பதில்லை. சாட்சிகள் மறைகிறார்கள், நினைவு மங்குகிறது, உண்மை இருளிலேயே நின்றுவிடுகிறது. விரைவான விசாரணை இருதரப்புக்கும் உரிய கடன்.

பின்னர்ச் சட்டங்கள் பல வந்தன. 1987இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. உச்சத் தண்டனையில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்தவரை விடுவிக்க 2005ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டம், முதன்முறை குற்றம் சாட்டப்பட்டோருக்கு அதனை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. மரண தண்டனைக்கும் ஆயுள் தண்டனைக்கும் உரிய குற்றங்கள் இதில் சேரா. அந்நாள் வந்தவுடன் நீதிமன்றத்துக்கு எழுதும் கடமையைச் சிறைக் கண்காணிப்பாளர் மீதே அச்சட்டம் சுமத்தியது. நாட்களை எண்ணுவது இப்போது ஒருவரின் சட்டக் கடமை.

ஆயினும் 2022ஆம் ஆண்டு இறுதியின் அரசுப் புள்ளிவிவரம் நம்மை நாணச் செய்கிறது. நாட்டின் சிறைகளில் 4,36,266 பேருக்கே இடம். இருந்தவர்களோ 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். தண்டனை பெற்றோர் மட்டும் இருந்திருப்பின் மூன்றில் ஒரு பங்கு இடம்கூட நிரம்பியிராது. அவ்வாண்டு நவம்பர் 26 அன்று, அரசியலமைப்பு நாள் விழாவில், குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு நீதிபதிகளை நோக்கிக் கேட்டதும் இதுவே: நாடு முன்னேறுகிறதென்றால் சிறைகளின் எண்ணிக்கை குறைய வேண்டுமல்லவா, கூட்டுவானேன்?

சிறையில் இருப்போரைச் சந்திப்பது இரக்கச் செயல்களுள் ஒன்று என்று சிறுவயதிலேயே மறைக்கல்வியில் மனப்பாடம் செய்தோம். திருநாட்களில் பழமும் இனிப்பும் கொண்டு செல்கிறோம், அது நன்று. அவற்றோடு ஒரு கேள்வியையும் கொண்டு செல்வோம்: "எத்தனை நாளாக இங்கே இருக்கிறீர்கள்? உங்களுக்காக வாதாட வழக்குரைஞர் இருக்கிறாரா?" இல்லை என்ற விடை கிடைத்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்கு ஒரு மனு எழுதித் தருவது நம்மால் இயலாத காரியமன்று. 1979இல் பல்லாயிரவரின் விடுதலை அத்தகைய ஒரு கேள்வியிலிருந்துதான் தொடங்கியது.