அமெரிக்கன் மாவும் பனங்கட்டியும்

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதியில், உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி ஆகிய ஊர்களைக் கடந்து ஏறக்குறைய 35 கிலோமீற்றர் சென்றால் குச்சவெளி வரும். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் வயலும் பனையும். பத்திரிகைப் பணியின் பொருட்டு அந்த வீதியால் பலமுறை போயிருக்கிறேன். 2009 இல் யுத்தம் முடிந்து சில ஆண்டுகளின் பின்னர் போனபோது, நண்பர் ஒருவரின் வீட்டில் மாலைத் தேநீருடன் பான்கேக் தந்தார்கள். பாய்போலச் சுருட்டிய மெல்லிய மஞ்சள் தோசை. உள்ளே பனங்கட்டிப் பாகில் கிளறிய தேங்காய்ப்பூ.

"இது எங்கட ஊர்ப் பலகாரந்தான் தம்பி" என்றார் நண்பரின் தாயார்.

அவர் சொன்னது பாதி உண்மை. தேங்காயும் பனங்கட்டியும் ஊருக்குரியவை. மா அப்படியன்று. இலங்கையில் கோதுமை விளைவதில்லை.

மாவைக் கரைத்துச் சூட்டில் வார்த்து உண்பது தமிழருக்குப் புதிதல்ல. கூவியர் எனப்பட்ட அப்ப வணிகரைப் பெரும்பாணாற்றுப்படையும் மதுரைக்காஞ்சியும் பேசுகின்றன. ஆனால் எங்கள் அப்பமும் தோசையும் அரிசியை நம்பியவை. இரவெல்லாம் மா புளிக்க வேண்டும். அப்பத்துக்குக் கள் விட்டுப் புளிக்கவைத்த வீடுகளும் உண்டு. அரிசி மாவில் கோதுமையின் பசை இல்லை. அதை மட்டும் கரைத்து மெல்லிதாக வார்த்து இறுகச் சுருட்டினால் வெடித்துவிடும். சுருட்டுவதற்குக் கோதுமை மா கப்பலேறி வரவேண்டியிருந்தது.

திருகோணமலைக் கோட்டையை 1639 இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1795 இல் ஆங்கிலேயர் கைக்கு அது வந்தது. போர்த்துக்கேயர் பாண், விசுக்கோத்து என்ற சொற்களையும், ஒல்லாந்தர் கந்தோர், கக்கூசு என்ற சொற்களையும் எங்களிடம் விட்டுச் சென்றனர். ஒல்லாந்தருக்கும் 'பன்னகூக்' என்று இதே வகைப் பண்டம் உண்டு. எனினும் நாங்கள் சொல்வது ஆங்கிலப் பெயரையே. ஆகவே, எங்கள் அடுக்களைக்கு இது ஆங்கிலேயர் காலத்தில்தான் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பிரித்தானியக் கடற்படை 1957 வரை திருகோணமலையில் தளம் வைத்திருந்ததையும் மறக்கலாகாது.

பெயர் வந்தது ஒருபுறமிருக்க, மா ஏழை வீடுகளுக்கு வந்தது பஞ்சத்தோடு. 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இலங்கை நம்பியிருந்த பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 9 ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகத்தின் மீதே ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது. அதன் இடத்தைக் கோதுமை மா நிரப்பத் தொடங்கியது. பின்னாளில் எங்கள் வீடுகளில் அதற்கு 'அமெரிக்கன் மா' என்றே பெயர் நிலைத்தது. அதை அவித்து அரித்துப் புட்டும் இடியப்பமும் செய்யப் பழகிக்கொண்டோம். 1980 இல் சீனன்குடாவில் பிரீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. உலகின் மிகப் பெரிய மா ஆலைகளுள் ஒன்று, ஒரு மணி கோதுமைகூட விளையாத எங்கள் மாவட்டத்தில்!

நண்பரின் தாயாரிடம் இவற்றையெல்லாம் நான் விரித்துரைக்கவில்லை. பான்கேக் செய்ய எங்கே பழகினீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"முகாமில" என்றார்.

1990 இல் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலம். நிவாரணமாக அரிசி, மா, பருப்பு, சீனி கொடுத்தார்கள். நாள்தோறும் ரொட்டி. பிள்ளைகள் ரொட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பினார்களாம். பக்கத்துக் கொட்டிலில் இருந்த ஒரு பெண், முன்பு நகரத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்தவர், மாவைத் தண்ணீராகக் கரைத்துத் தகரமூடியில் வார்த்துக் காட்டினார். முட்டை இல்லை, பால் இல்லை; உள்ளே வெறும் சீனி. பிள்ளைகள் கேட்டுக் கேட்டுத் தின்றார்கள். "கியூவில நிண்டு வாங்கின மாவெண்டு அதுகளுக்குத் தெரியாமப் போச்சுது" என்றார்.

ஊர் திரும்பிய பின்னரே அது முழுப் பலகாரமாயிற்று. அவர் சொன்ன அளவு இது: ஒரு கோப்பை மா, ஒரு முட்டை, ஒன்றேகால் கோப்பை இரண்டாம் பால், உப்பு, நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள். கட்டியில்லாமல் கரைத்து அரை மணி நேரம் வைக்க வேண்டும். பனங்கட்டியைச் சிறிது நீரில் உருக்கி, தேங்காய்ப்பூவும் ஏலக்காயும் இட்டு ஈரம் வற்றும்வரை கிளற வேண்டும். தாச்சியில் ஓர் அகப்பை ஊற்றி உடனே சுழற்ற வேண்டும். முதலாவது எப்போதும் பழுதாகும்; அது சமைப்பவருக்கு.

2022 இல் மா விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியபோது நண்பருடன் தொலைபேசியில் பேசினேன். அம்மா பான்கேக் சுடுகிறாரா என்று கேட்டேன். அரிசி மாவில் சுட்டாராம். சுருட்டச் சுருட்ட உடைந்ததாம். எல்லாவற்றையும் கோப்பையில் போட்டு, மேலே தேங்காய்ப்பூவைக் கொட்டிக் கரண்டியால் சாப்பிட்டார்களாம்.