கோழியூர்க்காரர்களுக்கு ஒரு யானைக் கணக்கு



நம் உறையூருக்குக் கோழியூர் என்றும் பெயர் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். யானையைக் கோழி ஒன்று கொத்தி விரட்டியது என்பது கதை. கோழிக்கு அலகு போதுமாக இருந்தது. நிஜத்தில் யானையின் தலை அவ்வளவு எளிதில் மசியாது. அந்தப் பெரிய நெற்றி முழுக்கத் தேன்கூடு போலக் காற்றறைகள் நிறைந்த எலும்பு. மூளை அதற்குப் பின்னால் தாழ்வாக இருக்கிறது. இதைத் துளைக்கும் குண்டு எது என்றுதான் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் தங்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

இலங்கை நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 1840இல் பிரிஸ்டல் நகரக் கிப்ஸிடம் சொல்லிச் செய்த துப்பாக்கியின் எடை மட்டும் 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ! அக்காலத் துப்பாக்கிக் கணக்கு வேடிக்கையானது. ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டை வார்க்கலாமோ, அதுவே துப்பாக்கியின் எண். 12ஆம் எண்ணுக்குக் குண்டு 38 கிராம். 4ஆம் எண்ணுக்கு 113 கிராம். எண் குறையக் குறைய குண்டு பெரிதாகும். வட்டி விகிதம் போல நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

எடை மட்டும் போதாது. ஈயம் மெதுவானது, எலும்பில் பட்டால் நசுங்கிவிடும். அதனால் பேக்கர் ஒன்பது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு பாதரசம் சேர்த்து வார்த்தார். (அந்தப் புகையைச் சுவாசித்தவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.) நசுங்கிய குண்டோடு தப்பும் யானை காயத்துடன் காட்டுக்குள் போகும். அடுத்து அந்த வழியில் விறகு பொறுக்க வருபவர்மீதுதான் அதன் கோபம் பாயும்.

1898இல் லண்டன் ரிக்பி கம்பெனி, புகையில்லா மருந்தில் .450 தோட்டாவைக் கொண்டுவந்தது. குண்டு 31 கிராம்தான். ஆனால் வேகம் வினாடிக்கு 650 மீட்டர். யானைக்கும் காட்டெருமைக்கும் முழுக்க உலோகக் கவசமிட்ட கெட்டிக் குண்டு. புலிக்கு முனை திறந்த மென்குண்டு. உடலுக்குள் விரிந்து நிற்கும். கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச்சாலையில் மனிதர்களைச் சுடச் செய்ததும் இந்த ரகம்தான். 1899 ஹேக் மாநாடு அதைப் போருக்கு ஆகாது என்றது. வேட்டைக்குத் தடை சொல்லவில்லை.

பிறகு .450க்கே இந்தியாவில் தடை வந்தது. விலங்குகள்மீது இரக்கப்பட்டு அல்ல. ராணுவத்தின் பழைய மார்ட்டினி துப்பாக்கிகளும் அதே அளவுதான். தோட்டா கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்ற பயம். கம்பெனிகள் சும்மா இருக்குமா? .470, .465 என்று அளவை மாற்றி விற்றன.

நல்ல குண்டு கிடைக்கும் முன்பே யானைகள் எவ்வளவு செத்தன தெரியுமா? இலங்கை அரசு தலைக்கு இவ்வளவு என்று சன்மானம் கொடுத்தது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முந்தைய மூன்று வருடத்துக்குள் 3,500 யானைகள். மேஜர் ரோஜர்ஸ் என்ற ஒரே அதிகாரியின் பெயரில் சுமார் 1,400. அவர் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார்.

இந்த விஷயத்தில் நம் மாகாணத்தைப் பாராட்டத்தான் வேண்டும். காட்டுயானைகளைக் காக்க 1873இலேயே சென்னை மாகாணம் தனிச்சட்டம் போட்டது. பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் அப்படி ஒன்று வர 1879 ஆனது.